நாலுக்கும் ஆறுக்கும் நடுவே

அரசாங்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பெயின்ட் டின். சிவப்புப் பெயின்ட். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். ஆகவே இதில் நான் யாரைத் திட்டினாலும் அதில் பாதி என் தலையிலும் வந்து விழும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதுளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க அலுவலகம். எது என்று சொல்லப்போவதில்லை, எங்கே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். நியமனக் கடிதத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. நடைமுறையில் என் வேலை மொழிபெயர்ப்பு. அவர்கள் சிங்களத்தில் சொல்வதை எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்வேன், எங்கள் ஆட்கள் சொல்வதை அவர்களுக்குச் சிங்களத்தில் சொல்வேன். எங்கள் ஆட்கள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், எட்டுக் காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்.

அந்த வருட மழையில் அதே லயத்துக்கு மேலே மலை வெடித்தது. தேயிலைக்கு நடுவே ஒரு கோடு, கை நுழையும் அகலத்தில், லயத்தின் நீளத்துக்கு ஓடியது. மண்ணைப் பரிசோதிக்கிறவர்கள் வந்து பார்த்து, இங்கே ஆள் இருக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார்கள். பிறகு எங்கள் அலுவலகத்து ஜீப் போனது. அதில் முன் சீட்டில் ஓர் அதிகாரி, பின் சீட்டில் பெயின்ட் டின்னோடு நானும் போனேன். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே தம்பியோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. ஆனால் ஐந்தாவது காம்பராவில் என் கூட்டாளி இருந்தாள்.

அவளும் நானும் ஒரே நாளில் பள்ளிக்கூடம் சேர்ந்தவர்கள், சாதாரண தரப் பரீட்சை வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு நான் படிக்கப் போனேன், அவள் கொழுந்து பறிக்கப் போனாள். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. கணக்குப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவள் அம்மா அந்த வருடம் படுத்த படுக்கையாகிவிட்டார், என் அம்மா ஆகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணம் ஆகி அதே காம்பராவிலேயே குடித்தனம் நடத்தினாள். புருஷனுக்கு மலையில் சறுக்கி விழுந்ததில் வலது கால் போனது போலத்தான், தடி ஊன்றினாலும் மெதுவாகத்தான் நடப்பார்.

ஆட்கள் முன்னால் அவள் என்னை "மிஸ்" என்றாள். அலுவலகத்திலிருந்து வரும் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதிகாரி அந்தப் பக்கம் திரும்பியதும் என் இடுப்பில் ஒரு குத்து விட்டு, "என்னா புள்ள, ஜீப்புல எல்லாம் வர்ற" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயின்ட் டின்னைக் கீழே போட்டிருப்பேன்.

அந்த அதிகாரி ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் ஒரு வட்டம் போட்டு அதற்குள் இலக்கம் எழுதினார். ஒன்றிலிருந்து எட்டு வரை. இந்த எட்டுக் குடும்பத்துக்கும் வேறு நல்ல நிலத்தில் வீடு கட்டிக்கொடுப்பதாகத் திட்டம். எழுதி முடித்து, தூரிகையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சிங்களத்தில், "இலக்கத்தை அழிக்க வேண்டாம் என்று இவர்களிடம் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், கூடி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னேன்:

"இந்த நம்பர அழிச்சிடாதீங்க. கண்ணு மாதிரி பாத்துக்குங்க. இதுதான் ஒங்களுக்கு வரப்போற வீடு."

கடைசி இரண்டு வரியும் நானாகச் சேர்த்தவை. பிறந்த லயத்துக்கு அரசாங்கத்தின் ஆளாக முதல் தடவை வந்த மிதப்பு. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. கொடுக்க என்னிடம் வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை.

வீடு வரவில்லை. ஒரு தேர்தல் வந்தது, இன்னொரு தேர்தல் வந்தது. எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரிகள் மாறினார்கள். அந்த எட்டுக் குடும்பத்துக்காகவும் நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எப்போதாவது விசாரித்தேன். விசாரித்தபோதெல்லாம் ஒரே பதில்தான். லயம் கம்பனியுடையது. நிலம் அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. வெடிப்பு இன்னொரு திணைக்களத்துக்குரியது. வீடு கட்டுவது வேறொரு அமைச்சு. வெடிப்புக்குக் கீழே தூங்குகிறவள் மட்டும் யாருக்கும் உரியவள் இல்லை.

வெள்ளைக்காரன் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த லயத்தைக் கட்டியதே அவன்தான், மாட்டுக்குக் கட்டுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் காற்று வரும்படி கட்டியிருப்பான். ஆனால் யாரைச் சபிப்பது என்பதில் அன்றைக்குக் குழப்பம் இருந்திருக்காது. மேலே பங்களா, அதற்குள் துரை. பங்களா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. துரை என்கிற பட்டமும் போகவில்லை. அப்போது எங்கள் அலுவலகம் இருந்த கட்டடமும் அந்தக் காலத்ததுதான். மேசைக்குப் பின்னால் இருப்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னால் வருபவர் நிற்க வேண்டும் என்பதும் அந்தக் காலத்ததுதான். நாங்கள் சுதந்திரம் வாங்கி அந்தக் கதிரைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் வந்து என் முன்னால் நிற்கும்போது, உட்காருங்கள் என்று சொல்ல எத்தனையோ நாள் மறந்திருக்கிறேன்.

இதற்கிடையில் லயத்தில் வருடா வருடம் தீபாவளி வந்தது. தீபாவளி என்றால் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடுப்புப் புகையும் மழை ஈரமும் ஏறிய சுவர் ஒரு வாரத்துக்காவது வெள்ளையாக இருக்க வேண்டும். மற்ற ஏழு குடும்பமும் முதல் வருடம் இலக்கத்தைச் சுற்றிக் கவனமாக அடித்தார்கள். இரண்டாம் வருடம் வட்டத்தின் மேல் கொஞ்சம் சுண்ணாம்பு பட்டது. பிறகு அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வராத வீட்டுக்கு எதற்கு நம்பர் என்று விட்டுவிட்டார்கள்.

என் கூட்டாளி விடவில்லை. ஈரத்தில் அவள் சுவரில் இருந்த பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்பியது. அவள் அதைச் சிரட்டையால் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, மாரியம்மன் கோயில் சுவருக்குப் பட்டை அடிக்க வாங்கிய காவியில் மிச்சம் கேட்டு வாங்கி வந்து, அதே இடத்தில், அதே அளவில், வட்டமும் ஐந்தும் போட்டாள். அடுத்த வருடமும் போட்டாள். ஆயுத பூசைக்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பொட்டு வைக்கும்போது அந்த ஐந்துக்கும் மூன்று விரலால் சந்தனம் இட்டு நடுவில் குங்குமம் வைத்தாள். நான் ஒரு தடவை போனபோது அதைப் பார்த்தேன். விளையாட்டாக, "சாமியாவே ஆக்கிட்டியா?" என்றேன்.

"நீதான புள்ள கண்ணு மாதிரி பாத்துக்கச் சொன்ன" என்றாள்.

நன்றாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டிவிட்டு, அவள் கொடுத்த சாயத் தண்ணியை, பால் இல்லாத தேநீரை, குடித்துவிட்டு வந்தேன். என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு வருடத்தில், வீடு வந்தேவிட்டது. தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்குக் கீழே, சமதரையில் எட்டு வீடுகள். சின்னதுதான், ஆனால் தனித்தனி வீடு, மேலே மலை இல்லாத வீடு. அதே சமயத்தில் எங்களுக்கு ஒரு புதிய மேலதிகாரியும் வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சேவைக் காலத்தில் நான் பார்த்த முதல் நேர்மையான அதிகாரி அவர். முன்பு இருந்தவர்கள் பயனாளிகள் பட்டியலில் யார் யாரையோ நுழைத்திருக்கிறார்கள், அது எங்களுக்கெல்லாம் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தோம். இவர் அப்படியில்லை. கட்சிக்காரர்கள் வந்தால் கதவைத் திறந்து வைத்துத்தான் பேசுவார்.

அவர் பழைய கோப்பைக் கேட்டார். கோப்பு இல்லை. அலுவலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது பெட்டிகள் நடைபாதையில் கிடந்தன, கூரை ஒழுகியது, அடிப்பெட்டியில் இருந்தவை கூழாகிவிட்டன. இதற்கு யார் பொறுப்பு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த நேர்மையான மனிதரும் கேட்கவில்லை. காகிதம் தொலைந்தால் அது மழையின் குற்றம். "சரி, சுவரில் இலக்கம் இருக்குமல்லவா? நேரில் போய்ப் பார்த்துப் பட்டியல் போடுவோம்" என்றார். வேறொரு தோட்டத்தில் ஆட்கள் தாங்களே இலக்கம் எழுதிக்கொண்டு பட்டியலில் ஏறிவிட்டதாக ஒரு முறைப்பாடு வந்திருந்தது. அதனால் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுபடியும் ஜீப். மறுபடியும் பின் சீட்டில் நான். என் கூட்டாளி அன்று வேலைக்குப் போகாமல், தலை வாரி, நல்ல சேலை கட்டி நின்றாள். புருஷனை இஸ்தோப்பில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தாள்.

அதிகாரி முதல் காம்பராவிலிருந்து தொடங்கினார். சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். உள்ளே பழைய பெயின்டின் சிவப்பு தெரிந்தது. எழுதிக்கொண்டார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பாதி வட்டம்தான் மிச்சம், ஆனால் அது அசல் பெயின்ட், ஏற்றுக்கொண்டார். நாலாவதும் சரி. ஐந்தாவது வாசலில் வந்து நின்றார். அந்தச் சுவரில் வட்டமும் இலக்கமும் நேற்று எழுதியது போல இருந்தன. சந்தனப் பொட்டு வேறு. அவர் ஆள்காட்டி விரலால் தேய்த்தார். விரலில் காவி ஒட்டியது. சுரண்டிப் பார்த்தார். உள்ளே சுவர்தான் இருந்தது.

"இதை யார் எழுதியது என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. பரிசு கொடுக்கக் கூப்பிட்ட பிள்ளையின் முகம்.

"நாங்கதாங்க எழுதுறோம். வருசா வருசம் தீவாளிக்கு நாங்கதான் எழுதுறோம்."

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் தலையை ஆட்டி, இது அலுவலகம் இட்ட அடையாளம் இல்லை என்றார். நான் அதைத் தமிழில் சொல்வதற்குள்ளேயே அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு வரவில்லை. பிறகு பக்கத்து வாசலைக் காட்டிக் கேட்டாள்:

"ஐயா, அங்க நாலு இருக்கு. இந்தப் பக்கம் ஆறு இருக்கு. நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல என்னாங்க வரும்?"

கணக்கில் அவள் எப்போதுமே கெட்டிக்காரி. நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பில்லை, அவருக்கும் வருத்தம்தான். "நியாயமான கேள்வி. ஐந்து இருந்திருக்கலாம். அப்போது இந்தக் காம்பரா பூட்டியும் இருந்திருக்கலாம், இலக்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதற்கு நான் ஒப்பமிட முடியாது. நாளைக்குக் கணக்காய்வில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்." பிறகு என்னைப் பார்த்து, "அன்றைக்கு இங்கே வந்த யாராவது இப்போது சேவையில் இருந்தால் பரவாயில்லை" என்றார்.

நான் அவருக்கு ஒரு அடி தூரத்தில் நின்றேன்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை எனக்குள்ளேயே விசாரணை வைத்துப் பார்த்திருக்கிறேன். நான் அன்று டின் பிடித்தவள் என்று சொன்னால் போதும். வாயில் வந்துவிட்டது. அதற்குள் வேறு எல்லாமும் வந்துவிட்டது. தோட்டத்து ஆளுக்குத் தோட்டத்து ஆள் சாட்சி என்பார்கள். அதே லயத்தில் பிறந்தவள், சிநேகிதி என்பதும் தெரியவரும். எங்கள் பிரிவில் ஒருவர் சொந்தக்காரருக்காகப் பேசினார் என்று அப்போதுதான் விசாரணையில் மாட்டியிருந்தார். இலக்கத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னது நீயா, வீடு வரும் என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்பார்கள். பிறகு பேசிக்கொள்ளலாம், தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் சொல்லாத இரண்டு வரியை அன்று சேர்த்துச் சொன்னவள், சொல்லியே ஆகவேண்டிய ஒரு வரியை இன்று விழுங்கிவிட்டேன். அதிகாரி ஆறாவது காம்பராவுக்கு நகர்ந்தார்.

ஜீப் கிளம்புவதற்குள் அவள் என்னைத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு சிங்களம் வெளங்கும் புள்ள" என்றாள். "கடையிலயும் ஆஸ்பத்திரியிலயும் கேட்டுக் கேட்டு வெளங்கிருச்சி. நான் சொன்னத அப்படியே சொன்ன. ஒன்னையும் கொறைக்கல. நீ சொல்ல வேண்டியதத்தான் சொல்லல."

ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். நிதானமாக வாசித்தார். கோபப்படவில்லை. "அன்றைக்கே சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். பட்டியல் மேலே போய்விட்டது. இப்போது இதை அனுப்பினால் முதலில் விசாரணை உங்கள் மேல்தான் வரும், ஏழு குடும்பத்தின் வீடும் அது முடியும்வரை நிற்கும். அடுத்த திட்டம் வரும்போது பார்ப்போம். இதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று கடிதத்தை மேசையில் என் பக்கமாக வைத்தார். அது எடுத்துக்கொள்ளச் சொல்வதல்ல, எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். நான் எடுத்துக்கொண்டேன். ஏழு குடும்பத்துக்காகத்தான் எடுத்தேன் என்று கொஞ்ச காலம் நம்பவும் செய்தேன்.

ஏழு குடும்பமும் கீழே போய்விட்டார்கள். எட்டாவது வீடு பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கட்டுமானத்தில் மிஞ்சிய சீமெந்து மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள், வெளியே வைத்தால் நனைந்துவிடுமாம். காலியான காம்பராக்களின் கூரைத் தகரத்தைத் தோட்ட நிர்வாகம் கழற்றிக்கொண்டு போனது. லயம் முழுவதும் காலி செய்யப்பட்டதாக அறிக்கை போட்டதால் தண்ணீர்க் குழாயையும் நிறுத்திவிட்டார்கள். அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதி சரியானது என்று ஒப்பமிட்டவள் நான். அவ்விடத்தில் தற்போது எவரும் வசிக்கவில்லை என்று அதில் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் கிடையாது.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போனேன். இரண்டு பக்கமும் கூரையில்லாத சுவர்கள், நடுவில் ஒரு காம்பராவில் மட்டும் புகை. அவள் புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து தடியை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு இப்போது லயத்திலிருந்தே தெரிகிறது. மழை பெய்தால் மலை சரியும் என்று அவரைத் தாங்கிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். முன்பெல்லாம் பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஒரு கை பிடிப்பார்கள்.

சுவரில் சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தது. வாசல் பக்கத்தில் ஐந்து இல்லை. வட்டமும் இல்லை. ஓரம் வரை ஒரே வெள்ளை.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்துக் கையைச் சேலையில் துடைத்தாள். அங்கே அதிகாரி யாரும் இல்லை, அவள் புருஷனும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"வாங்க மிஸ்" என்றாள். "உக்காருங்க."

சாயத் தண்ணி கொடுத்தாள். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. இடுப்பில் ஒரு குத்து விழாதா என்று நான் கடைசி வரை காத்திருந்தேன். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. அவள் அண்ணாந்து மலையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஏற்கெனவே கட்டி வைத்திருந்த துணி மூட்டையை எடுத்து வாசலில் வைத்தாள். புருஷனின் தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மழை பிடிக்கப் போகுது மிஸ். நேரத்தோட எறங்குங்க. பசற ரோட்டுல மண்ணு விழும், அப்பறம் ஒங்களுக்கு பஸ் இருக்காது" என்றாள்.

நான் ஒரு கை பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.